ஈர நூலும் ஆர்.எஃப் டிரையரும்: ஒன்பது வருட அனுபவம்

எங்கள் பட்டறையில் ஆர்.எஃப் டிரையர், அதாவது ரேடியோ ஃப்ரீக்வன்சியில் ஈர நூலைக் காயவைக்கும் மிஷின், வந்து இறங்கியது 2016 ஆடி மாதம். ஆடியில் புது மிஷின் ஓட்டக் கூடாது என்று முதலாளியின் அம்மா சொல்லிவிட்டார். கிரேன் இறக்கிவைத்த பெட்டிகள் ஆவணி பிறக்கும்வரை தார்ப்பாய் போர்த்தியபடி ஷெட்டில் கிடந்தன. அந்த மூன்று வாரத்தில் மிஷினோடு வந்த மேனுவலை இரண்டு தடவை படித்து முடித்தேன். படித்ததில் பாதி, மிஷின் ஓட ஆரம்பித்து அடிபட்ட பிறகுதான் புரிந்தது.

திருப்பூர் பக்கம் நூல் டையிங் எங்களுடையது. பெரும்பாலும் காட்டன், கொஞ்சம் பாலிகாட்டன். கோடு போட்ட பனியன் துணிக்கும், கரூர் பார்ட்டிகளின் மேஜை விரிப்பு, திரைச்சீலைக்கும் சாய நூல் போகிறது. அதுவரை எங்களிடம் இருந்தது ஹாட் ஏர் சேம்பர். பாய்லர் நீராவியில் காற்றைச் சூடாக்கி அடிக்கும். டியூபில் சுற்றிய ஈர நூல் உருளைகளை, எங்கள் பாஷையில் கோன்களை, அடுக்கி ராத்திரி உள்ளே தள்ளிய வண்டியை விடிந்ததும் வெளியே இழுப்போம். கோனின் வெளிப்பக்கம் அப்பளமாகக் காய்ந்திருக்கும். நடுவில் டியூபை ஒட்டி விரலை விட்டால் சில்லென்று இருக்கும். உள்ளே காய இன்னும் நாலு மணி நேரம் விட்டால் வெளி நூல் முறுகிப்போய் ரீவைண்டிங்கில் அறுந்துகொண்டே இருக்கும். அதைவிடப் பெரிய தலைவலி ஷேடு. தண்ணீர் உள்ளிருந்து வெளியே நகரும்போது ஒட்டாத சாயத்தையும் இழுத்துக்கொண்டு வரும். நேவி, மெரூன் போன்ற அடர் நிறங்களில் கோனின் தோல் ஒரு நிறம், வயிறு ஒரு நிறம். பார்ட்டி திருப்பி அனுப்பினால் சாயம், உப்பு, கரண்ட் எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

ஆர்.எஃப்பில் காற்றுக்குச் சின்ன வேலைதான். மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு, நடுவில் பிளாஸ்டிக் பெல்ட்டில் கோன்கள் ஊர்ந்து போகும். தட்டுகளுக்கு இடையே மின்புலம் நொடிக்கு 2.7 கோடி தடவை முன்னும் பின்னுமாகத் திசை மாறும். கணக்காகச் சொன்னால் 27.12 மெகாஹெர்ட்ஸ். தொழிற்சாலை, மருத்துவ உபயோகத்துக்கென்று ஒதுக்கிய அலைவரிசைகளில் அது ஒன்று. ரெக்சின் பையையும் பிளாஸ்டிக் ஃபைலையும் ஒட்டுகிற ஹை ஃப்ரீக்வன்சி வெல்டிங் மிஷின்களும் பெரும்பாலும் இதே அலைவரிசையில்தான் ஓடுகின்றன. வீட்டு மைக்ரோவேவ் 2,450 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் 12 சென்டிமீட்டர். இதன் அலைநீளம் 11 மீட்டர். அதனால் தடித்த கோனுக்குள்ளும் ஆழமாக இறங்கி, உள்ளே இருக்கும் தண்ணீரை இருந்த இடத்திலேயே ஆவியாக்கிவிடுகிறது. சாயத்தை இழுத்துக்கொண்டு வெளியே வர தண்ணீருக்கு நேரமே கிடைப்பதில்லை.

மிஷின் விற்க வந்தவர் ‘தண்ணீர் மூலக்கூறு சுழன்று சூடாகிறது’ என்று படம் போட்டுக் காட்டினார். மைக்ரோவேவுக்கு அது சரி. இந்த அலைவரிசையில் வேலையின் பெரும்பகுதியைச் செய்வது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு அயனிகள் இங்கும் அங்கும் அலைக்கழிவதுதான். மேனுவலில் இதைப் படித்தபோது ஏதோ பாடப்புத்தக சமாச்சாரம் என்று தாண்டிப் போய்விட்டேன்.

ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 80 கிராம் வரை போடுவோம். சாயம் ஏறியபின் அந்த உப்பைக் கழுவித் தள்ள வேண்டும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் இங்கே சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, பிறகு கழிவு நீரை வெளியே விடாத ஜீரோ டிஸ்சார்ஜோடு திறந்த நாளிலிருந்து கழிவாகப் போகும் ஒவ்வொரு குடம் தண்ணீருக்கும் நாங்கள் காசு கட்டுகிறோம். ஒரு வாஷைக் குறைத்தால் என்ன என்ற ஆசை எந்த டையிங் மாஸ்டருக்கும் வரும். எங்கள் மாஸ்டருக்கும் வந்தது. மிஷின் வந்த நாலாவது மாதம், ஒரு நேவி லாட்.

பெல்ட் பாதி தூரம் போயிருக்கும். காகிதம் கருகுகிற வாடை. உள்ளே ‘பட்’டென்று ஒரு சத்தம், தீப்பொறி பறந்தால் மிஷினை நிறுத்தும் ஆர்க் டிரிப் விழுந்து மிஷின் நின்றது. வெளியே எடுத்த கோன்களைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை. ஒன்றை பிளேடால் மேலிருந்து கீழாக அறுத்தோம். தோல் அருமையான நேவி. டியூபிலிருந்து ஒரு விரல்கடை தள்ளி, எட்டணா அளவுக்குக் கரி. அதைச் சுற்றிப் பழுப்பு வளையம், தொட்டால் நூல் பொடியாக உதிர்ந்தது. மாஸ்டர் கருகாத நூலை நனைத்துப் பிழிந்து, ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தார். “உப்புங்க” என்றார். வேறு எதுவும் பேசவில்லை. அன்றைக்கு 40 கோன் குப்பைக்குப் போனது.

கோன் கெட்டியாகச் சுற்றியிருந்த இடத்தில் கழுவும் தண்ணீர் சரியாக ஊடுருவவில்லை. உப்பு அங்கே தங்கிவிட்டது. உப்பு இருந்த இடம் அக்கம்பக்கத்தைவிட அதிகமாகச் சூட்டை வாங்கிக்கொண்டது. ஹாட் ஏர் சேம்பராக இருந்தால் இந்தத் தப்பு வெளியே தெரிந்தே இருக்காது. இந்த மிஷினிடம் எனக்குப் பிடித்ததும் பிடிக்காததும் இதுதான்: முன்னால் சாயத்துக்காக நூலைத் தளர்வாகச் சுற்றும் சாஃப்ட் வைண்டிங்கிலும் வாஷிங்கிலும் நடந்ததையெல்லாம் கடைசியில் இது போட்டுக்கொடுத்துவிடும். அந்த லாட்டுக்குப் பிறகு கடைசி வாஷ் தண்ணீரை, கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ் மீட்டரில் பார்க்காமல் எதுவும் ஹைட்ரோவுக்கு, அதாவது வேகமாகச் சுற்றித் தண்ணீரைப் பிழியும் மிஷினுக்கு, போவதில்லை. கோனைக் கையால் அமுக்கிப் பார்த்துத் தள்ளிக்கொண்டிருந்த வைண்டிங் ஆட்களும் இப்போது டென்சிட்டி எழுதிவைக்கிறார்கள்.

ஹைட்ரோ பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், காசு அங்கேதான் இருக்கிறது. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 0.63 யூனிட் சக்தி வேண்டும். இது இயற்கை விதி, எந்தக் கம்பெனி மிஷினும் குறைக்க முடியாது. நூல் சூடேறுவதற்கும், மிஷினுக்குள் வீணாவதற்கும் சேர்த்தால் எங்கள் மீட்டரில் கிலோ தண்ணீருக்கு 1.1 யூனிட் விழுகிறது. 500 கிலோ லாட் ஹைட்ரோவிலிருந்து 55 சதவீத ஈரத்தோடு வந்தால், ஏழு சதவீதத்தை நூலில் விட்டுவைத்து 240 கிலோ தண்ணீரை எடுக்க வேண்டும். எங்கள் 85 கிலோவாட் (அவுட்புட்) மிஷினுக்கு அது இரண்டரை மணி நேர வேலை, 260 யூனிட்டுக்கு மேல். அதே லாட்டை ஹைட்ரோவில் கூடுதலாக ஐந்து நிமிடம் சுற்றி 45 சதவீதத்துக்கு இறக்கினால் 50 கிலோ தண்ணீர் மிச்சம், 55 யூனிட் மிச்சம். ஹைட்ரோ மோட்டார் அதற்குத் தின்பது ஓரிரு யூனிட்தான். முதல் வருடம் இதைக் கவனிக்காமல் இ.பி. பில்லைப் பார்த்து மிஷினைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

நல்லதையும் சொல்ல வேண்டும். காயும் விஷயத்தில் இது தானாகவே தன்னைத் திருத்திக்கொள்கிறது. ஈரமான இடம் அதிக சக்தியை வாங்கும், காய்ந்த இடம் வாங்காமல் விட்டுவிடும். அதனால் உப்பு இல்லாத லாட் என்றால் தோலும் வயிறும் ஒரே ஈரத்தில் வெளியே வரும். காட்டனுக்கு 8.5 சதவீதம் ரீகெய்ன், அதாவது நூல் இயல்பாக வைத்துக்கொள்ளும் ஈரம். நாங்கள் ஏழு, ஏழரையில் நிறுத்துகிறோம், மிச்சத்தைக் காற்றிலிருந்து நூலே வாங்கிக்கொள்ளும். முன்பெல்லாம் அதிகமாகக் காய்ந்து எடை குறைந்து, பார்ட்டியிடம் தராசு முன்னால் நின்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பேச்சு நின்றுவிட்டது. கரண்ட் போனால் சூடும் அந்த நொடியே நிற்கும், நூல் உள்ளே மாட்டிக் கருகாது. அரை மணிக்கு ஒரு ஷேடு மாற்றி ஓட்டலாம். சின்னச் சின்ன லாட்டுக்காரர்களுக்கு இது பெரிய வசதி.

தூத்துக்குடியில் மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் இருக்கும் என் மச்சான் இதைக் கேட்டுவிட்டு, “எங்க ஐஸ் பிளாக்கையும் உங்க மிஷின்ல விட்டா உருகிடுமா?” என்றார். உருகும், அதற்கென்றே ஆர்.எஃப் மிஷின்கள் இருக்கின்றன. ஆனால் அங்கே கதை தலைகீழ். ஐஸ் இந்தச் சக்தியை அவ்வளவாக வாங்காது, உருகிய தண்ணீர் சட்டென்று வாங்கும். எங்காவது ஒரு ஓரம் முதலில் உருகினால் அந்த ஓரமே எல்லாவற்றையும் இழுத்து வெந்துவிடும், நடுவில் கல்லாக நிற்கும். ஆகவே முழுசாக உருகவிடாமல் மைனஸ் 4, மைனஸ் 2 டிகிரியில், கத்தி இறங்குகிற பதத்தில் நிறுத்திவிடுவார்கள். பிஸ்கட் கம்பெனிகளும் அடுப்புக்குப் பின்னால் இதை வைப்பதுண்டு. நடுவில் தங்கிய ஈரத்தை எடுத்துவிட்டால் பாக்கெட்டுக்குள் பிஸ்கட் கீறல் விடாது.

இனி தொல்லைகள். உயரம் வேறுவேறான கோன்களை ஒரே வரிசையில் வைக்கவே கூடாது. உயரமானது மேல் தட்டுக்குக் கிட்டே போய் எல்லாச் சூட்டையும் தானே வாங்கிக்கொள்ளும். உள்ளே வரும் ஆவியை எக்ஸாஸ்ட் சரியாக இழுக்காவிட்டால் மேல் தட்டில் வியர்த்து, பஞ்சுத் தூசியோடு சேர்ந்து பழுப்பாகச் சொட்டும். வெள்ளை நூலில் அந்தச் சொட்டு விழுந்தால் எதிலும் போகாது. வாரத்துக்கு ஒருமுறை தட்டைத் துடைப்பது எங்களுக்கு இப்போது விரதம் மாதிரி. ஸ்டீல் ஸ்பிரிங்கில் சுற்றிய நூல் என்றால் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது, பிளாஸ்டிக் டியூப் மட்டும்தான். இதெல்லாம் தெரிந்த பிறகும் 2019 ஆயுத பூஜைக்கு நுழைவாயிலில் யாரோ ஜிகினா தோரணம் கட்டிவிட்டார்கள். பூஜை முடிந்து மிஷினைப் போட்டதும் ஒரு துண்டு அறுந்து பெல்ட்டில் விழுந்து உள்ளே போனது. தீபாவளி எங்களுக்கு மூன்று வாரம் முன்னாலேயே வந்துவிட்டது. பெல்ட்டில் ஒரு சாண் ஓட்டை.

ரேடியேஷன் பயம் ஆட்களிடம் இன்னும் இருக்கிறது. இது எக்ஸ்ரே மாதிரி இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். ஆனால் தட்டில் கை பட்டால் ஆழமான தீக்காயம் வரும். கதவின் சேஃப்டி ஸ்விட்ச்சை யாரும் வயர் போட்டு ஏமாற்றக் கூடாது, பேஸ்மேக்கர் வைத்தவர் பக்கத்தில் வரக் கூடாது. இந்த இரண்டும் போர்டில் பெரிதாக எழுதியிருக்கிறது.

பெரிய செலவு டியூப்; கோனின் டியூப் இல்லை, ஆர்.எஃப் அலையை உண்டாக்கும் டியூப். மிஷினுக்கு உயிர் அந்த டிரையோட் வால்வுதான். முதல் டியூப் 12,000 மணி நேரத்தைத் தாண்டி ஓடியது. இரண்டாவது 7,000-இல் போய்விட்டது, தப்பு எங்களுடையது. டியூபைக் குளிரவைக்கும் தண்ணீர் டி.எம். வாட்டராக, அதாவது உப்பு நீக்கிய தண்ணீராக, இருக்க வேண்டும். ஒரு கோடையில் டி.எம். பிளான்ட் ரிப்பேர் என்று ஷிஃப்ட் ஆள் போர் தண்ணீரை ஊற்றிவிட்டார். எங்கள் ஊர் போர் தண்ணீர் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. டியூபைச் சுற்றிய சட்டையில் சுண்ணாம்பு படிந்து, சூடு வெளியேறாமல் டியூப் போய்விட்டது.

இப்போது வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: விறகு பாய்லர் வைத்து, ஒரே ஷேடில் பெரிய பெரிய லாட் ஓட்டுகிறவர்கள் சூடான காற்றை அழுத்தத்தோடு கோனுக்குள் செலுத்தும் பிரஷர் டிரையரையே வைத்துக்கொள்ளலாம், அவர்களுக்கு ஆர்.எஃப் கணக்கு ஒத்துவராது. பத்து ஷேடு, இருபது பார்ட்டி, நாளைக்கே டெலிவரி என்று ஓடுகிறவர்கள் வாங்கலாம். கூடவே ஒரு ஸ்பேர் டியூபுக்கும் பணம் ஒதுக்கிவிட்டு வாங்குங்கள்.

எங்கள் ஸ்பேர் டியூப் மரப்பெட்டியில், நட்டுக்குத்தலாக, முதலாளி ரூமில் பீரோவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் அதற்கும் பொட்டு வைக்கிறார் முதலாளியின் அம்மா. “பெட்டி மேல மட்டும் வெச்சுக்கோங்கம்மா, உள்ள தொட்டுடாதீங்க” என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.