நத்தமா, தனிமனையா, லேஅவுட்டா? மதுரைப் பக்கம் கிராம நிலத்தை வீட்டு மனையாக்க எது தோது

‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற சொல் மதுரைத் தரகர்கள் வாயில் இன்னும் சாகவில்லை. மனைப்பிரிவுக்கு, அதாவது லேஅவுட்டுக்கு, அங்கீகாரம் தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவரிடம் தனியாக இல்லை. நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் வேண்டும். அனுமதியில்லாமல் விளைநிலத்தை மனையாக்கி விற்றால் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவின்படி பத்திரம் பதிவாகாது. 20.10.2016-க்கு முன்பே மனையாகப் பதிவானவற்றுக்கு மட்டும் விலக்கு. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு, தனி ஆளுக்கு இருக்கும் வழிகளைப் பார்ப்போம்.

வேகத்தில் நத்தத்தை எதுவும் முந்தாது. அது ஏற்கெனவே குடியிருப்பு நிலம். வகைமாற்றம் வேண்டாம், லேஅவுட் வேண்டாம், கட்டட அனுமதி வாங்கினால் போதும். தொல்லை முழுக்கக் காகிதத்தில்தான். பழைய பத்திரத்தில் ‘வடக்கே தெரு, கிழக்கே மந்தை’ என்று நான்கு மால் (எல்லை) மட்டும் இருக்கும். நத்தம் அளவையின்போது சர்வே எண் மாறியிருக்கும். பழைய எண், புது எண் இரண்டுக்கும் வில்லங்கம் போட்டுப் பார்க்காதவர் பாதி வில்லங்கத்தைத்தான் பார்த்திருக்கிறார். பட்டா இல்லாத நத்தத்துக்கு வங்கிக் கடன் எதிர்பார்க்க வேண்டாம். ஊர்க்களம், மந்தை, பாதை ஆகியவற்றையும் ‘நத்தம்தான் சார்’ என்று காட்டுவார்கள். அடங்கலில் (கிராம நிலக் கணக்கில்) அது புறம்போக்கு என்று இருந்தால் அங்கேயே திரும்பிவிடலாம்.

சொந்தமாக 10 சென்ட் புஞ்சை இருந்து, அதில் ஒரே ஒரு வீடு கட்ட நினைப்பவருக்குத் தனிமனை ஒப்புதல்தான் சரி. ஆனால் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர் இருவருக்கு இது ஒரே மாதிரி அமையாது. உள்ளூர் திட்டப் பகுதிக்குள் இருந்து, முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளானில்) நிலம் வேளாண் மண்டலம் என்று இருந்தால், 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 32(4) பிரிவில் நில உபயோக மாற்றம் கேட்க வேண்டும். பத்திரிகையில் அறிவிப்பு, ஆட்சேபணைக்கு அவகாசம் என்று மாதங்கள் ஓடும். திட்டப் பகுதிக்கு வெளியே என்றால் 47-அ பிரிவும் 2017-இல் வந்த வகைமாற்ற விதிகளும். இது ஒப்பீட்டில் லேசு.

நஞ்சையா புஞ்சையா என்பதில் மதுரை இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. அலங்காநல்லூர், வாடிப்பட்டி, மேலூர்ப் பக்கம் பெரியாறு கால்வாய்ப் பாசனம். அங்கே நஞ்சையை மாற்ற ஆட்சியர் இசைவு வரை போக வேண்டும். உங்கள் வரப்பை மூடினால் கீழ்வயலுக்குத் தண்ணீர் போகுமா என்ற கேள்விக்கும் பதில் வேண்டும். திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர்ப் பக்கத்து மானாவாரிப் புஞ்சைக்கு அந்தத் தலைவலி குறைவு. அங்கே காகிதத்தில் மிச்சமாவதைக் கரிசல் மண் அஸ்திவாரத்தில் வாங்கிக்கொள்ளும் என்பது வேறு விஷயம்.

தனிமனை விண்ணப்பம் அதிகம் அடிபடுவது பாதையில். தரையில் டிராக்டர் போகும் தடம் இருக்கும், எஃப்.எம்.பி.யை (நில அளவை வரைபடத்தை) விரித்தால் அங்கே கோடே இருக்காது. நாற்பது வருடம் வண்டி ஓடியதற்கு வரைபடத்தில் மதிப்பில்லை. தடம் பக்கத்துக்காரர் பட்டாவில் போனால் அவர் அந்தத் துண்டைப் பொதுப்பாதையாக எழுதித் தர வேண்டும். அதற்கு அவர் கேட்கும் விலை, உங்கள் நிலத்தின் விலையையே தொட்டுவிடும். நடுவில் வாய்க்கால் குறுக்கிட்டால் பாலம் போட நீர்வளத்துறை அனுமதி தனி. முன்பணம் கொடுக்குமுன் எஃப்.எம்.பி., ‘அ’ பதிவேடு (சர்வே எண் வாரியான நிலக் கணக்கு) இரண்டையும் எடுத்து, சர்வேயரோடு நிலத்தில் நின்று ஒத்துப் பாருங்கள்.

அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் அது தானாக மனையாகிவிடாது. பாகப்பிரிவினைப் பத்திரம் உரிமையைப் பிரிக்கும், உபயோகத்தை மாற்றாது. ஏற்கெனவே உள்ள ரோட்டை ஒட்டி, புது ரோடு போடாமல், எட்டு மனைக்குள் பிரித்தால் சப்-டிவிஷன் ஒப்புதல் போதும். விற்க நினைத்தால் ஒரு எல்லையை மறக்கக்கூடாது: 500 சதுர மீட்டர், அதாவது 12.36 சென்ட் தாண்டிவிட்டால் ரெரா (மனை, கட்டட விற்பனை ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு வேண்டும்.

லேஅவுட் தனி ஆளுக்குக் கட்டுமா? கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2 ஏக்கர் என்றால் 200 சென்ட். உள்ரோடு குறைந்தது 7.2 மீட்டர், நீளம் கூடினால் 9 மீட்டர். அதற்கே கால்வாசி, 50 சென்ட் போகும். மீதி 150 சென்டில் 10 சதவீதம் திறந்தவெளி ஒதுக்கீடு, அதாவது 15 சென்ட். கையில் நிற்பது 135 சென்ட். 1,200 சதுர அடி மனையாக 49 வரும். திறந்தவெளிக்குப் பதில் வழிகாட்டி மதிப்புப்படி பணம் கட்டும் சலுகை 10,000 சதுர மீட்டர் வரைதான். அது 2.47 ஏக்கர். இரண்டரை ஏக்கர் வைத்திருப்பவர் அந்த மூன்று சென்டால் சலுகையை இழந்து இடமாகவே கொடுக்க வேண்டியிருக்கும். வரைபடம் போடுமுன் அந்த ஓரத்தை விட்டுவைக்கலாமா என்று யோசிப்பது புத்திசாலித்தனம்.

கண்மாய், ஓடை பக்கத்தில் இருந்தால் நீர்வளத்துறை தடையின்மைச் சான்றில் எவ்வளவு உயரம் மண் நிரப்ப வேண்டும் என்றும் எழுதுவார்கள். லேஅவுட் லாபத்தை விழுங்குவது பெரும்பாலும் இந்தக் கிராவல் லோடுதான். மேலூர்ப் பக்கம் குவாரி அருகில் என்றால் கனிமவளத் துறை, விமான நிலையப் பக்கம் என்றால் உயர அனுமதி. கீழக்குயில்குடி சமணர் மலை மாதிரி மத்தியத் தொல்லியல் துறையின் சின்னம் இருக்கும் ஊரில் 100 மீட்டருக்குள் புதுக் கட்டடமே கூடாது. அடுத்த 200 மீட்டருக்கு அவர்கள் அனுமதி வேண்டும்.

ரோட்டையும் திறந்தவெளியையும் ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிய பிறகே இறுதி அங்கீகாரம் வரும். பத்திரத்தோடு நின்றுவிடாமல் பட்டாவையும் ஊராட்சி பெயருக்கு மாற்றிவிட வேண்டும். மாற்றாவிட்டால் பத்து வருடம் கழித்து வாரிசுகள் ரோட்டையே விற்க வருவார்கள்.

அங்கீகார மனை கையில் இருந்தால் மேற்கொண்டு வேலை சுலபம். மனை 2,500 சதுர அடிக்குள், வீடு 3,500 சதுர அடிக்குள், தரைதளமும் மாடியும் மட்டும் என்றால், 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில் ஆன்லைனிலேயே கட்டட அனுமதி எடுத்துவிடலாம்.

பழைய அங்கீகாரமில்லாத மனையை வைத்திருப்பவருக்கு வரன்முறைதான் (கட்டணம் கட்டி முறைப்படுத்துவது) வழி. அந்த மனைப்பிரிவில் ஒரு மனையாவது 20.10.2016-க்குள் விற்றுப் பதிவாகியிருக்க வேண்டும். முதலில் மொத்த மனைப்பிரிவுக்கும் கொள்கை அளவில் ஒப்புதல் இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால்தான் உங்கள் மனைக்கான மனு நகரும். மனை கண்மாய்க்குள்ளோ, பொதுப்பாதையிலோ, கோயில் நிலத்திலோ விழுந்திருந்தால் எந்தக் கட்டணம் கட்டினாலும் வரன்முறை ஆகாது.