இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு மனச்சோர்வா? எந்தக் கேள்வித்தாளை நம்பலாம்

மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது, நீர் மாத்திரை ராத்திரியில் நாலு தடவை எழுப்பிவிடுகிறது, வயிற்றில் நீர் கோத்தால் இரண்டு வாய்க்கு மேல் சோறு இறங்குவதில்லை. அப்பாவுக்கு ஹார்ட் ஃபெயிலியர் வந்த பிறகு எங்கள் வீட்டில் தினமும் பார்ப்பது இது. தூக்கமின்மை, பசியின்மை, அசதி மூன்றும் மனச்சோர்வின் அடையாளங்களும்தான், அதனால்தான் எந்தக் கேள்வித்தாளை எடுப்பது என்பதில் இவ்வளவு சிக்கல்.

அதிகம் புழங்குவது பி.எச்.கியூ-9. ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. 10 வந்தாலே கவனிக்கச் சொல்வார்கள். காசு கிடையாது, தமிழிலும் இருக்கிறது. ஆனால் கூட்டிப் பாருங்கள்: தூக்கம், அசதி, பசி, கவனம் இந்த நாலுக்கு மட்டும் ஒருவர் மும்மூன்று போட்டால் 12 ஆகிவிடும், மனசைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமலே. 2006-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் கேள்வித்தாள் கணக்குப்படி சுமார் 34 சதவீதத்தினருக்கு மனச்சோர்வு, நேரில் உட்காரவைத்துப் பேசிப் பார்த்ததில் சுமார் 19 சதவீதம்தான்.

சரி, உடம்பைப் பற்றிக் கேட்காத தாள் இல்லையா என்றால், இருக்கிறது. 1983-ல் மருத்துவமனை நோயாளிகளுக்கென்றே வந்த ஹேட்ஸ், 14 கேள்வி, பாதி பதற்றத்துக்கு, பாதி மனச்சோர்வுக்கு. தூக்கத்தையும் பசியையும் வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதிலேயே 'எல்லாம் மந்தமாகிவிட்டது போல் இருக்கிறதா' என்று ஒரு வரி வருகிறது, மாடிப்படி ஏற முடியாதவர் வேறென்ன சொல்வார்? இன்னொரு வரியில் வயிற்றுக்குள் பட்டாம்பூச்சி பறக்கிறதாம். நம் ஊரில் பயந்தால் வயிற்றைக் கலக்கும், அவ்வளவுதான். உரிமக் கட்டணமும் உண்டு.

வயதானவர்களுக்கான ஜி.டி.எஸ்-15, 'ஆம்', 'இல்லை' என்ற பதிலிலேயே முடிந்துவிடும், கண்ணாடி தேடும் தாத்தாக்களுக்கு வாசித்தே கேட்டுவிடலாம். ஆனால் 'வெளியே போவதைவிட வீட்டிலேயே இருக்கப் பிடிக்கிறதா' என்று கேட்டால், "பஸ்ல பாதி வழில ஒண்ணுக்கு வந்தா எங்க போறது" என்பார் அப்பா. அது சோகமில்லை, நீர் மாத்திரை. பெக் தாள் 21 கேள்வி, விலை கொடுத்து வாங்க வேண்டும், உடம்புக் கேள்விகளும் நிறைய. கூட்டமான ஓ.பி.யில் நடக்காது.

என் ஓட்டு பி.எச்.கியூ-2-க்கு. ஒன்பதில் முதல் இரண்டு கேள்வி மட்டும்: எதிலும் ஈடுபாடு இல்லாமல் போகிறதா, மனசு சோர்ந்து கிடக்கிறதா. 6-க்கு 3 வந்தால் மீதி ஏழையும் கேட்பது. 2008-ல் அமெரிக்க இதயச் சங்கம் சொன்னதும் ஏறக்குறைய இந்த வழிதான். வெறும் மூச்சிரைப்பு உள்ளவர் இந்த வாசலிலேயே நின்றுவிடுவார். "நல்லாத்தான் இருக்கேன்" என்று சாதிக்கிற ஆண்கள் இரண்டாவதில் தப்பித்தாலும் முதல் கேள்வியில் பிடிபடுவார்கள், பேப்பரைப் புரட்டாமலே மடித்து வைப்பதும் பேரன் கூப்பிட்டால் திரும்பாததும் வீட்டில் தெரிந்துவிடும் இல்லையா. நீர் கோத்து அட்மிட் ஆனபோது வந்த மதிப்பெண்ணை மட்டும் நம்ப வேண்டாம், வீக்கம் வடிந்து சில வாரம் கழித்து மறுபடி கேளுங்கள்.

ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறதா என்பது. அதை மகனையும் மருமகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். தனியாகக் கேளுங்கள். 0 தவிர எது வந்தாலும் மொத்தத்தைக் கூட்டிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். ராத்திரியாக இருந்தால் அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ் 14416.

அப்புறம் மருந்து. 2010-ல் செர்ட்ரலினையும் 2016-ல் எஸ்சிட்டலோபிராமையும் இந்த நோயாளிகளிடமே சோதித்தார்கள், இரண்டுமே வெற்று மாத்திரையைவிட மனச்சோர்வை அதிகமாகக் குறைக்கவில்லை. பேச்சு சிகிச்சை 2015-ல் குறைத்துக் காட்டியது. ஏற்கெனவே சாப்பிடுகிற மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், ஆனால் சீட்டில் மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தால், பேசுவதற்கு யாரைப் பார்ப்பது என்று அங்கேயே கேட்டுவிட்டு எழுந்திருங்கள்.