கோயில் பூட்டுகளுக்குக் கிராபைட்டா, மாலிப்டினமா?

மொரீஷியஸின் மாஹேபூருக்கு அருகில், கடலிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் எங்கள் ஊர்க் கோயில் இருக்கிறது. தென்கிழக்கிலிருந்து வீசும் காற்று உப்பையும் ஈரத்தையும் சேர்த்தே கொண்டுவரும். கோயிலின் 11 பூட்டுகளுக்கும் எண்ணெய் விட்டுப் பார்த்தாயிற்று. திருநீற்றுத் தூளும் சாம்பிராணிக் கரியும் எண்ணெயில் ஒட்டிக் களியாகி, சில வாரங்களில் சாவி திரும்பாமல் போய்விடுகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன், தைப்பூசக் காவடிக்குச் சற்று முன்னதாக, தர்மகர்த்தா இந்தப் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார். எண்ணெயில்லாத உலர் மசகுதான் வேண்டும் என்று முடிவு செய்தபின் என் முன் நின்றவை இரண்டு: கிராபைட் தூள், மாலிப்டினம் என்ற உலோகமும் கந்தகமும் சேர்ந்த மாலிப்டினம் டைசல்பைடு.

இரண்டும் கருநிறம், இரண்டும் வேட்டியைக் கறையாக்கும், இரண்டும் சிறிதளவே போதும். இரண்டும் அணு அடுக்குகளால் ஆனவை என்பதே பொருட்படுத்த வேண்டிய ஒற்றுமை. அடுக்குக்குள் பிணைப்பு வலியது. அடுக்குகளுக்கிடையில் மிக மெலியது. அதனால் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவுகின்றன.

இந்த நழுவல் எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே வியப்பாக இருந்தது. இட்லிப் பானையில் மேல்தட்டின் குழிகள் கீழ்த்தட்டின் குழிகளுக்கு நேராக அமைந்தால், குழி குழிக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும்; சற்றுத் திருப்பி வைத்தால் மேல்தட்டு எங்கும் சிக்காமல் நிற்கும். அணு அடுக்குகளிலும் இதுதான் நடக்கிறது. 2004இல் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் ஒரு நுண்ணிய கிராபைட் சில்லைக் கிராபைட் பரப்பின்மேல் இழுத்துப் பார்த்தார்கள். இரண்டின் அணு வரிசைகளும் பொருந்தும் கோணங்களில், அதாவது 60 பாகைக்கு ஒருமுறை, உராய்வு உயர்ந்தது. இடைப்பட்ட கோணங்களில் ஏறக்குறைய இல்லாமலே போனது. உராய்வுக் கெழு, அதாவது ஒரு பொருளை நகர்த்தத் தேவையான விசைக்கும் அது அழுத்தும் விசைக்கும் உள்ள விகிதம், 0.01க்குக் கீழே இறங்கும் நிலையை ஆய்வாளர்கள் தனியாகப் பெயரிட்டு அழைக்கிறார்கள். மின்தடையே இல்லாத பொருளைக் குறிக்கும் மீகடத்தி என்ற சொல்லைப் பின்பற்றி நான் அதை மீவழுக்கு நிலை என்பேன். 100 கிலோ எடையை ஒரு கிலோ எடைக்கு நிகரான விசையால் தள்ளிவிடக்கூடிய நிலை அது.

எண்களை மட்டும் பார்த்தால் மாலிப்டினம் டைசல்பைடு பின்தங்கியதன்று. 1993இல் பிரான்சின் லியோன் நகர ஆய்வாளர்கள், மிகை வெற்றிடத்தில் அதன் மெல்லிய படலத்தில் 0.001 அளவிலான உராய்வுக் கெழுவைக் கண்டார்கள். விண்கலங்களின் நகரும் உறுப்புகளுக்கு அது பயன்படுவதும் இதனால்தான்.

ஆனால் எங்கள் கோயில் வெற்றிடத்தில் இல்லை. என் முடிவைத் தீர்மானித்தது ஈரம் ஒன்றே. மாலிப்டினம் டைசல்பைடின் அடுக்கு விளிம்புகளை ஈரக்காற்று தாக்கி மெல்ல ஆக்சைடாக மாற்றுகிறது. வழுக்கல் குறைவதோடு, அதிலுள்ள கந்தகம் அமிலமாகி இரும்பை அரிக்கவும் கூடும். கிராபைட்டின் இயல்போ இதற்கு நேர் எதிர். அது நன்றாக வழுக்குவதற்கே காற்றில் நீராவி தேவைப்படுகிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மிக உயரத்தில் பறந்த விமானங்களின் மின்னாக்கிகளில், சுழலும் பகுதியை உரசி மின்சாரத்தைக் கடத்தும் கிராபைட் கலந்த கரித் தூரிகைகள் விரைவாகத் தேய்ந்து தூளாகிப்போயின. அவ்வுயரத்துக் காற்று மிகவும் வறண்டிருந்ததே காரணம். கிராபைட்டின் விளிம்புகளில் பிணைப்புத் தேடி நிற்கும் அணுக்களை நீராவி மூலக்கூறுகள் அமைதிப்படுத்துகின்றன. அவை இல்லாவிட்டால் அடுக்குகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. எண்ணெயைக் கெடுத்த அதே கடற்காற்று கிராபைட்டுக்கு உணவாகிறது என்பதை அறிந்தபின் எனக்குத் தயக்கம் இருக்கவில்லை.

பூட்டுக்குள் நிகழ்வது மீவழுக்கு அன்று என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சாதாரணக் காற்றில் கிராபைட் தூளின் உராய்வுக் கெழு 0.1ஐ ஒட்டியே இருக்கும். 2012இல் சீனாவின் சிங்குவா பல்கலைக்கழகக் குழு, சில மைக்ரோமீட்டர் அகலமுள்ள கிராபைட் தகடொன்றை நகர்த்தி விட்டபோது அது தானாகவே பழைய இடத்துக்குத் திரும்பியதைத் திறந்த காற்றிலேயே கண்டது. ஆனால் அங்கே உராய்ந்தவை அப்போதுதான் பிரிந்த, மாசு படாத படிகப் பரப்புகள். பூட்டுக்குள் உள்ள கோடிக்கணக்கான துகள்கள் ஆளுக்கொரு திசையில் கிடக்கின்றன. இடையில் தூசியும் இருக்கிறது.

பத்துப் பூட்டுகளுக்குக் கிராபைட் தூவினேன்; ஒப்பிடுவதற்காகப் பின்வாசல் பூட்டுக்கு மட்டும் மாலிப்டினம் தெளிப்பான் அடித்தேன். கிராபைட் இட்டவற்றில் ஒன்பது இரண்டு மழைக்காலங்களைக் கடந்தும் இலகுவாகத் திறக்கின்றன. மடைப்பள்ளிப் பூட்டில் தூளை அளவுக்கு மீறி இட்டுவிட்டேன். அது ஈரத்தில் கட்டிபட்டு, கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டியதாயிற்று. சிட்டிகையில் பாதி போதும். பின்வாசல் பூட்டு முதல் ஆறு மாதம் மற்றவற்றைவிட மென்மையாகவே இருந்தது, பிறகு கரகரத்தது. ஒரே பூட்டை வைத்துப் பொது விதி சொல்லும் துணிவு எனக்கில்லை. அதன் மேல் மழைத் தூறலும் கூடுதலாகப் படுகிறது.

மாலிப்டினத்தை நான் ஒதுக்கிவிடவில்லை. இராஜகோபுர வாயிலின் கனத்த இரும்புக் கதவின் கீல்களுக்கு அது கலந்த கிரீஸையே இட்டிருக்கிறேன். அங்கே பாரம் அதிகம். கிரீஸ் ஈரத்தை அண்டவிடாமல் அதைக் காக்கிறது. கிராபைட்டை அலுமினியத்தின் அருகில் கொண்டுபோகவே கூடாது. உப்பு நீர் இடையில் நிற்கும்போது கிராபைட்டும் அலுமினியமும் ஒரு மின்கலம்போல் செயல்பட்டு அலுமினியம் அரிக்கப்படும். அதனால் அலுவலக அறையின் அலுமினியச் சறுக்குச் சன்னல்களில் இத்தூளை நான் இடவில்லை. சிலிக்கான் தெளிப்பானைத்தான் பயன்படுத்துகிறேன்.