முதல் டிரிஃப்ட் கார்: இ36, 350இசட், எம்எக்ஸ்-5 மூன்றில் எது?

பிரிட்டனில் டிரிஃப்ட், அதாவது பின் சக்கரத்தை வழுக்கவிட்டுக் காரைப் பக்கவாட்டில் ஓட்டும் வித்தை, பழகக் கார் தேடுகிறவர்கள் எங்கே சுற்றினாலும் கடைசியில் மூன்று கார்களிடம் வந்து நிற்பார்கள்: பிஎம்டபிள்யூ இ36 (தொண்ணூறுகளின் 3 சீரிஸ்), நிசான் 350இசட், முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5. ஒரு காலத்தில் நிசான் 200எஸ்எக்ஸ்தான் முதல் தேர்வு. இன்று துரு தின்னாத ஒன்று கிடைப்பதே அபூர்வம், கிடைத்தாலும் பழகுகிறவர் கொடுக்கிற விலை இல்லை. அதை விட்டுவிடுவோம்.

மூன்றும் பின் சக்கர இயக்கம், மூன்றிலும் மேனுவல் கியர் உண்டு. அடுத்து எல்லாரும் கேட்பது எச்பி எவ்வளவு என்று. நான் கேட்கச் சொல்வது வேறு: ஒரு நாளில் இந்தக் காரை எத்தனை தடவை டிராக்கில் இறக்க முடியும்? டிரிஃப்ட் படித்து வருவதில்லை, கையும் காலும் பழகித்தான் வரும். காலையில் பத்துத் தடவை சுற்றிக்கொண்டு நின்ற கார், மதியம் ஏதோ ஒரு வளைவில் திடீரென்று பிடிபடும். அதற்கு முன்னால் கார் படுத்துவிட்டாலோ டயர் தீர்ந்துவிட்டாலோ அந்த நாள் போச்சு.

எச்பிக்கு முன் வீல்பேஸைப் பாருங்கள். எம்எக்ஸ்-5 2265 மி.மீ., 350இசட் 2650, இ36 2700. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் இடைவெளி குறையக் குறைய, பின்பக்கம் வேகமாகச் சுற்றி வரும். புதிதாக ஓட்டுகிறவர் எதிர்ப்பக்கம் ஸ்டீயரிங்கைத் திருப்புவதற்குள் எம்எக்ஸ்-5 வந்த திசையைப் பார்த்து நின்றுவிடும். இ36 அப்படியில்லை, அவசரப்படாமல் விலகும். பின்பக்கம் போகிறது என்று இடுப்பு உணர்ந்து, கை வேலை செய்வதற்கு அதில் நேரம் இருக்கிறது.

எம்எக்ஸ்-5 எடை ஒரு டன்னுக்குள். ஆரம்பகால 1.6 எஞ்சினுக்கு 115 எச்பி. பின் டயர் 185/60 ஆர்14 என்பதால் டயர் செலவு மிகக் குறைவு. ஈரத் தரையில் இதைவிட இனிமையான கார் கிடையாது. தரை காய்ந்ததும் எஞ்சினால் டயரை வழுக்க வைக்க முடியாமல் திணறும். பின் டயரில் காற்றை ஏற்றி, ஒவ்வொரு வளைவிலும் ஹேண்ட்பிரேக்கும் க்ளட்ச் உதையும் (க்ளட்சை மிதித்துச் சட்டென்று விட்டு டயரை வழுக்க வைப்பது) போட்டு இழுக்க வேண்டியிருக்கும். எடையை முன்னும் பின்னும் தள்ளி ஓட்டக் கற்றுக்கொடுப்பதில் இந்தச் சின்னக் கார் நல்ல வாத்தியார், ஆனால் கண்டிப்பானவர். வாங்குவதென்றால் 1.8 பார்த்து வாங்குங்கள். எஞ்சின் சக்தியைப் பின் சக்கரங்கள் இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃப்ரன்ஷியலில், 1.6-க்கு 6 அங்குலப் பல்சக்கரம், 1.8-க்கு 7 அங்குலம். க்ளட்ச் உதைக்கு ஈடுகொடுப்பது பெரியதுதான். மேல்கூரை துணி என்பதால் கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் ரோல் பார் இல்லாமல் பல இடங்களில் உள்ளே விடமாட்டார்கள், அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

350இசட் இதற்கு நேர் எதிர். 3.5 லிட்டர் வி6, 280 எச்பி. ஷோரூமிலிருந்து வந்த நிலையிலேயே இரண்டாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பின்பக்கம் விலகிவிடும். கவர்ச்சி அதுதான், எனக்குப் பிடிக்காததும் அதுதான். வளைவுக்குள் தப்பான வேகத்தில், தப்பான கோணத்தில் நுழைந்தாலும் வலது கால் காப்பாற்றிவிடுகிறது. எங்கே தப்பு செய்தோம் என்பது ஓட்டுகிறவருக்குத் தெரியாமலே போகிறது. எடை ஒன்றரை டன். 18 அங்குல வீல் இருந்தால் பின் டயர் 245/45, அதை எரித்துப் பழகுவது பர்ஸுக்கு ஆகாது. எல்எஸ்டி (ஒரு பின் சக்கரம் மட்டும் தனியாகச் சுழன்றுவிடாமல் தடுக்கும் டிஃப்ரன்ஷியல்) இருக்கிறது என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். அது கெட்டித் திரவத்தை நம்பிப் பூட்டும் விஸ்கஸ் வகை, நாலு சுற்றில் சூடேறித் தளர்ந்துவிடும். 2005-06 வாக்கில் வந்த ரெவ்-அப் எஞ்சின் எண்ணெய் குடிப்பதில் பேர்போனது. சாலையிலும் ஓட்டப்போகிறீர்கள் என்றால் பதிவுத் தேதியைப் பாருங்கள்: 2006 மார்ச் 23-க்கு முன்னால் பதிவானதற்குச் சாலை வரி குறைவு.

இனி இ36. என் தேர்வு இதுதான், அதனால் குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். 328ஐ என்றால் 2.8 லிட்டர், 193 எச்பி. 325ஐ-க்கும் ஏறக்குறைய அதே சக்தி, வார்ப்பிரும்பு பிளாக். பழுதில்லாத எது கிடைத்தாலும் சரி. இரண்டுக்கும் பொதுவான பலவீனம் குளிரூட்டும் பாகங்கள். ரேடியேட்டரில் மேல் ஹோஸ் சேருகிற கழுத்து பிளாஸ்டிக், பழைய வாட்டர் பம்ப்பின் உள்விசிறியும் பிளாஸ்டிக். இருபது வருஷத்துக்கும் மேல் வெந்து ஆறிய பிளாஸ்டிக், டிரிஃப்ட் சூட்டில் எப்போது வேண்டுமானாலும் விடும். ஹார்ஸ் பவருக்கு ஒரு காசு செலவழிக்கும் முன் ரேடியேட்டர், பம்ப், தெர்மோஸ்டாட் மூன்றையும் புதிதாகப் போடுங்கள்.

அடுத்தது ஆயில் பம்ப். அதன் செயின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் நட், ஓயாமல் ரெட்லைனில் (எஞ்சினின் உச்ச வேகத்தில்) ஓட்டினால் கழன்றுவிடும். கழன்றால் எண்ணெய் அழுத்தம் போய்விடும், எஞ்சினும் அதோடு சரி. அந்த நட்டை எட்ட, எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தங்கும் சம்ப்பைக் கழற்ற வேண்டும். முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் சப்ஃபிரேமை இறக்கினால்தான் அது வெளியே வரும். ஒரு நாள் முழுக்கப் பிடிக்கிற அழுக்கு வேலை. இருந்தும் நட்டுக்கு லாக் வயர் போட்ட பிறகு வருகிற நிம்மதிக்கு அந்த ஒரு நாள் தகும். அப்புறம் பின்பக்கம் காருக்கு அடியில் படுத்து, டிஃப்ரன்ஷியலும் சப்ஃபிரேமும் பாடியோடு சேருகிற இடங்களில் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். மயிரிழை விரிசல் தெரிந்தால் பட்டைத் தகடு வைத்து வெல்ட் செய்த பிறகுதான் மற்ற வேலை.

இத்தனையும் செய்து முடித்தாலும் மூன்றில் அதிகச் சுற்று தருவது இதுதான். பின் டயர் 205/60 ஆர்15. பழைய டயர் கடையில் 2 மி.மீ.க்குக் குறைந்ததைச் சட்டப்படி விற்க முடியாது, ஆகவே அங்கே மலிவாகக் கிடைக்கிற ஜோடியிலும் கொஞ்சம் ரப்பர் மிச்சம் இருக்கும். முன்னால் மட்டும் நல்ல டயர் போடுங்கள், கார் போகும் திசையை முடிவுசெய்வது அதுதான். ஸ்டீயரிங் ரேக்கின் இரண்டு முனையிலும் ஸ்பேசர் வைத்தால் சக்கரம் இன்னும் கொஞ்சம் திரும்பும், செலவும் சொற்பம். முழுக்கத் திருப்பிப் பார்த்து டயர் எங்கே உரசுகிறது என்று கவனித்துவிட்டு வெளியே எடுங்கள்.

மூன்று காருக்கும் பொதுவான இன்னொரு சண்டை: டிஃப்ரன்ஷியலை வெல்ட் செய்வதா, பிளேட்டுகள் உரசிப் பூட்டும் பிளேட் எல்எஸ்டி வாங்குவதா? வளைவில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிக தூரம் போக வேண்டும், அதற்காகத்தான் உள்ளே சின்னப் பல்சக்கரங்கள் சுழல்கின்றன. அவற்றை வெல்ட் செய்தால் இரண்டு சக்கரமும் எப்போதும் ஒரே வேகம். டிரிஃப்டில் அது வரம். பெட்ரோல் பங்க்கில் அப்படியில்லை: முதல் முறை என் காரைப் பம்ப்புக்குத் திருப்பியபோது உள்பக்க டயர் கீச் கீச்சென்று துள்ளியதில் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டூ-வே பிளேட் எல்எஸ்டி ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலும் விட்டாலும் பூட்டிக்கொள்ளும், மெதுவாகத் திரும்பும்போது இவ்வளவு முரண்டு பிடிக்காது. விலை பல மடங்கு, எண்ணெயை அடிக்கடி மாற்ற வேண்டும், பிளேட் தேய்ந்தால் பிரித்துக் கட்ட வேண்டும்.

பழகும் காலத்தில் வெல்ட் போதும் என்பது என் முடிவு. ஒரு நிபந்தனை: எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் கழுவி, இரும்பைச் சூடாக்கி, கை தேர்ந்தவர் வெல்ட் செய்திருக்க வேண்டும். ஒட்டாத வெல்ட் உடைந்து உள்ளே விழுந்தால் பல் ஒன்றும் மிஞ்சாது. சாலையில் ஓட்டினால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

பின் சக்கரங்களை ஒரே இழுப்பில் பூட்டும் ஹைட்ராலிக் ஹேண்ட்பிரேக்கை முதல் வருஷம் தள்ளிப்போடலாம். அந்தப் பணத்தில் நல்ல பக்கெட் சீட் வாங்குங்கள். சீட் உடம்பைப் பிடித்து வைக்காவிட்டால் ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தொங்க வேண்டியிருக்கும், தொங்குகிற கையால் எதிர்ப்பக்கம் திருப்ப முடியாது.

கடைசியாக, விலைக்குப் போவதற்கு முன் காரின் டிக்கியைத் திறந்து பாருங்கள். லாரி, டிரெய்லர் இல்லாதவர் மாற்று வீல்களை அதே காரில்தான் ஸ்காட்லாந்தின் லாக்கெல்லி, இங்கிலாந்தின் சாண்டா பாட் போன்ற டிராக்குகளுக்குக் கொண்டுபோக வேண்டும். எம்எக்ஸ்-5-இல் பக்கத்து சீட்டில் வைத்துக் கட்டினால்தான் உண்டு. 350இசட்டில் டிக்கிக்குக் குறுக்கே தடித்த ஸ்ட்ரட் பார் ஒன்று நிற்கிறது, வீலை அதைத் தாண்டித் தூக்கிப் போடவே முதுகு பிடித்துக்கொள்ளும். இ36-இல் டிக்கியில் இரண்டு, பின் சீட்டில் இரண்டு, காலடியில் ஜாக்கி. இரண்டு ஜோடி பின் டயர் என்றால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் டிராக்கில் இருப்பீர்கள்.