மாதக் காலண்டரில் வசந்தம்: ஏழு வருடப் பயன்பாட்டு அனுபவம்

பொருள்: சுவரில் மாட்டும் மாதக் காலண்டர், பன்னிரண்டு தாள். கிடைத்த இடம்: தெருமுனை மளிகைக் கடை. விலை: இலவசம் என்று பெயர். டிசம்பர் மாதச் சாமான் முழுவதையும் அங்கேயே வாங்கினால்தான் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுக் கையில் கொடுப்பார்கள். பயன்படுத்தும் காலம்: 2019 முதல். எதற்கு: எங்கள் வீட்டைச் சுற்றி இளவேனில் எப்போது தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க.

அதற்கு எதற்குக் குறிப்பெல்லாம், சித்திரை ஒன்று என்று காலண்டரிலேயே போட்டிருக்குமே என்று கேட்கலாம். சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்றுதான் நானும் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தேன். ஆனால் எங்கள் வீடு மதுரைக்கு மேற்கே, நாகமலை அடிவாரத்தில் இருக்கிறது. சித்திரை பிறக்கும்போது இங்கே மொட்டைமாடியில் மத்தியானம் வெறுங்காலோடு நிற்க முடியாது. மாமரத்தில் பாதிப் பிஞ்சு உதிர்ந்து, மீதி ஊறுகாய்க்கு ஆகிற அளவுக்கு வந்திருக்கும். தொடங்குவதற்கு அப்போது எதுவும் மிச்சமிருக்காது. எல்லாம் தையிலும் மாசியிலும், விடிகாலையில் இன்னும் போர்வை தேவைப்படும் நாட்களில் நடந்து முடிந்திருக்கும்.

காலண்டரில் ஒழுங்காக எழுத ஆரம்பித்தது அத்தையோடு நடந்த ஒரு வாக்குவாதத்தால். "போன வருசம் சிவராத்திரிக்குத்தான் புங்கை துளுத்துச்சும்மா, இந்த வருசம் முந்திக்கிச்சு" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் நிரூபிக்க என்னிடம் என்ன இருந்தது? அப்புறம்தான் உறைத்தது, சிவராத்திரியே ஒரு இடத்தில் நிற்காது. 2018-ல் பிப்ரவரி 13, 2019-ல் மார்ச் 4. ஏறக்குறைய மூன்று வாரம் நகர்ந்துவிட்டது. மரம் அதே நாளில் துளிர்த்திருந்தாலும், சிவராத்திரியை வைத்துக் கணக்குப் போட்டால் முந்தியதாகத்தான் தெரியும். சரி, இங்கிலீஷ் தேதியிலேயே எழுதிப் பார்ப்போம் என்று குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கிய காலண்டரை எடுத்துக்கொண்டேன்.

முதலில் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். கட்டம் சின்னது. ஒவ்வொரு கட்டத்திலும் நட்சத்திரம், திதி, ராகுகாலம் எல்லாம் போக, எழுதக் கிடைப்பது கட்டைவிரல் நகம் அளவு இடம். அதனால் சுருக்கெழுத்து தேவைப்பட்டது. 'கு' என்றால் குயில், 'பு.கொ' என்றால் புங்கை கொட்டுகிறது, 'வே.து' என்றால் வேம்பு துளிர். அதே காலண்டரில்தான் பால் கணக்கும் கேஸ் சிலிண்டர் கணக்கும் என் கணவர் எழுதுவார். 2020 பிப்ரவரி 22-ல் 'சி வந்தது' என்று இருக்கிறது. தேன்சிட்டா சிலிண்டரா என்று இன்றுவரை தீர்ப்பாகவில்லை. இன்னொன்று, அடுப்புப் பக்கம் மாட்டினால் இரண்டே மாதத்தில் தாளில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி பால்பாயிண்ட் பேனா வழுக்கும். பென்சில்தான் பிடிக்கும். இது தெரிய எனக்கு ஒரு வருடம் ஆனது. 2019-ன் மார்ச் தாளில் பாதி எழுத்து வெறும் கீறலாகத்தான் இருக்கிறது, சாய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க வேண்டும்.

பெரிய விபத்து 2018-லேயே நடந்துவிட்டது. விளையாட்டாக அந்த வருடமும் நாலைந்து குறிப்பு எழுதியிருந்தேன். ஜூன் மாதம் அந்தத் தாள்கள் மகளின் அறிவியல் புத்தகத்துக்கு அட்டையாகிவிட்டன. அதனால்தான் என் கணக்கு 2019-லிருந்து.

இனி வேலை செய்கிற விதம். குயிலை எடுத்துக்கொள்வோம். வசந்தம் என்றதும் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். குயில் எங்கிருந்தோ வருகிறது என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். "அது எங்கேயும் போகலம்மா, வாயைத் தொறந்திருக்கு, அம்புட்டுத்தான்" என்றார் அத்தை. இதில் அவர் சொன்னதுதான் சரி. நவம்பர், டிசம்பரில் பக்கத்து மனையில் நிற்கும் ஆலமரத்தில் பழம் தின்ன கறுப்பு ஆணும் புள்ளி போட்ட பெண்ணும் வாயே திறக்காமல் வந்துபோவதைப் பிறகு பலமுறை பார்த்தேன். இனப்பெருக்கக் காலம் நெருங்கும்போதுதான் ஆண் கூவத் தொடங்கும். ஆரம்ப நாட்களில் கூவல் முழுசாக வராது. இரண்டு தரம் இழுத்துவிட்டு, பாட்டை மறந்த பையன் மாதிரி நின்றுவிடும். பத்து நாள் கழித்துத்தான் படிப்படியாக ஏறுகிற அந்தச் சுருதி வரும். காலண்டரில் இரண்டையும் தனித்தனியாக எழுதுகிறேன்: 'கு' அரை, 'கு' முழு.

முதல் அரைக் கூவல் தேதிகள் இவை: 2019 பிப்ரவரி 10, 2020 பிப்ரவரி 16, 2021 பிப்ரவரி 14, 2022 பிப்ரவரி 3, 2023 பிப்ரவரி 12, 2024 ஜனவரி 31, 2025 பிப்ரவரி 6. இதை வரிசையாக ஒரு தாளில் எழுதிப் பார்த்தபோது, குயில் வருடாவருடம் முந்திக்கொண்டே போகிறது, வெயில் கூடிப்போனதுதான் காரணம் என்று எனக்குள் ஒரு கட்டுரையே ஓடியது. நல்லவேளை, யாரிடமும் சொல்லுமுன் காலண்டரைப் பிரித்துக் கிழமையைப் பார்த்தேன். 2019, 2020, 2021, 2023 நான்கும் ஞாயிற்றுக்கிழமை. குயிலுக்கு ஏது ஞாயிறு? மற்ற நாட்களில் அந்த நேரத்தில் மிக்சி ஓடிக்கொண்டிருக்கும், நான் சட்னி அரைத்துக்கொண்டிருப்பேன். 2022 ஒரு வியாழக்கிழமை, காய்ச்சலில் ஜன்னலோரம் படுத்திருந்தேன். கடைசி இரண்டு வருடம் தினமும் ஆறு மணிக்குப் பத்து நிமிடம் மாடியில் நிற்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். அவ்வளவுதான் விஷயம். குயில் முந்தவில்லை, நான்தான் முந்தியிருக்கிறேன். இப்போது கட்டத்தின் மூலையில் 'நின்றேன்' என்பதற்கு ஒரு சின்னக் கோடும் போடுகிறேன். கோடு இல்லாத நாளில் குறிப்பு இல்லையென்றால், அன்று குயில் கூவவில்லை என்று அர்த்தமில்லை.

குயிலைவிட நான் நம்புவது குண்டுக்கரிச்சானை. கறுப்பு வெள்ளை உடம்பு, தூக்கிய வால், பனிக்காலம் முழுக்கச் செடிக்கு அடியில் குப்பையைக் கிளறிக்கொண்டு ஊமையாகத் திரியும். மாசி பிறக்கும் சமயம் ஒருநாள் இருட்டோடு எதிர்வீட்டு டிஷ் ஆன்டெனா உச்சியில் ஏறி உட்கார்ந்து பாட ஆரம்பித்தால் அன்றிலிருந்து ஒரு நாள் தவறாது. தவறவிடுவது கடினம், ஏனென்றால் அது நம்மைத் தூங்கவிடாது. செம்மார்புக் குக்குறுவானும் அப்படித்தான். பாத்திரக்காரர் செம்பைத் தட்டுகிற மாதிரி 'டொங்க் டொங்க்' என்று ஒரே தாளத்தில் மத்தியானம் வரை போகும்.

மரங்களில் புங்கைதான் நாடகக்காரி. ஒரு வாரத்தில் தெருவே சருகாகிறது. கூட்டிக் குவித்துத் திரும்பிப் பார்ப்பதற்குள் மரம் முழுக்க எண்ணெய் தடவினாற்போல் இளம்பச்சை. அதற்குப் பிறகு பொரியைக் கொட்டினது போலத் தரையெல்லாம் பூ. எந்தத் தேதியை எழுதுவது என்பதுதான் தலைவலி. ஒரே மரத்தில் கிழக்குக் கிளை துளிர்த்திருக்கும், மேற்குக் கிளையில் பழைய இலை இருக்கும். இந்த இடத்தில் எனக்கு உதவியது சீசன்வாட்ச். மரங்களின் பருவ மாற்றங்களைப் பொதுமக்களே பதிவு செய்யும் இந்தியத் திட்டம் அது. ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து வாரம் ஒருமுறை பார்த்து, துளிர், முற்றிய இலை, மொட்டு, பூ, காய், பழம் ஒவ்வொன்றும் இல்லையா, கொஞ்சமா, நிறையவா என்று மட்டும் குறித்தால் போதும். 'முதல் நாள்' என்ற பிடிவாதமே தேவையில்லை. அந்த முறையை அப்படியே காலண்டருக்கு இறக்கிக்கொண்டேன். ஞாயிறுதோறும் புங்கைக்கு 0, 1, 2. வாரங்கள் விட்டுப்போவது உண்டு, அது என் சோம்பல்.

மாமரம் வேறு ரகம். பேர் தெரியாத ஒட்டு மா. ஒரு வருடம் காய்த்தால் மறு வருடம் ஓய்வெடுக்கும். இரவுக் குளிர்தான் அதற்குப் பூக்கச் சொல்லும் உத்தரவு. மார்கழிக் கடைசியில் நுனிக் கிளையில் செம்பு நிறத்தில் பூங்கொத்து தலைகாட்டும். 2021-ல் பொங்கலையும் சேர்த்து மழை கொட்டியதே, அந்த வருடம் பூ கருகி, துளிர் மட்டும்தான் வந்தது. ஜனவரித் தாள் முழுக்க 'மழை, மழை' என்றிருக்கிறது. நல்ல வருடத்திலும் ஆயிரம் பூவுக்கு ஒன்றிரண்டு காய் நின்றால் அதிகம். தத்துப்பூச்சி விழுந்தால் கீழே நிறுத்திய வண்டி இருக்கை கையில் ஒட்டும். அதையும் நான் ஒரு அறிகுறியாகவே எழுதிவைக்கிறேன்: 'வண்டி பிசுபிசு'.

ஏமாற்றுக்காரர்களும் உண்டு. காகிதப்பூவை நம்பக் கூடாது, தண்ணீர் குறைந்தால் எந்த மாதமும் பூக்கும். மல்லிகையையும் முழுசாக நம்ப முடியாது. மாசியில் அரும்பு கட்டுவது உண்மைதான், ஆனால் அது நாம் எப்போது கவாத்து பண்ணினோம் என்பதைப் பொறுத்தது. வீட்டுச் செடியைவிடப் பூக்கார அக்காதான் சரியாகச் சொல்வார். மார்கழி, தையில் வரத்து குறைந்து விலை எங்கோ போய் நிற்கும்போது அவர் முழத்தை அளக்கும் கை சுருங்கிவிடும். மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு வரத்து கூடிய வாரத்தில் அதே கை முழங்கையைத் தாண்டி நீளும். முகூர்த்த நாட்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால் இது உறுதியான அளவீடு. 'முழம் நீண்டது' என்று மூன்று வருடமாக எழுதுகிறேன்.

வருவதை எழுதுவது சுலபம், போவதை எழுதுவதுதான் கஷ்டம். புரட்டாசி வாக்கில் வந்து மின்கம்பியில் உட்கார்ந்து சாயங்காலம் கரகரவென்று கத்தும் பழுப்புக் கீச்சான், பங்குனி, சித்திரையில் சைபீரியா, மங்கோலியா பக்கம் கிளம்பிவிடும். என்றைக்குக் கிளம்பியது? இன்றுதான் கடைசி என்று அன்று யாருக்குத் தெரியும்? அதனால் பார்க்கிற ஒவ்வொரு நாளும் ஒரு புள்ளி. புள்ளிகள் நின்ற இடம்தான் தேதி, அதுவும் இரண்டு வாரம் கழித்துத்தான் புரியும்.

மற்ற கருவிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2021-ல் ஒரு 8x42 பைனாகுலர் வாங்கினேன். ஒரே மழைக்காலத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சை நூல் விட்டது. இப்போது சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்திருக்கிறேன். ஆண் தேன்சிட்டின் நெஞ்சில் இருக்கும் ஒற்றைக் கருங்கோடு தை, மாசியில் மெல்ல மெல்லப் பரவி முழு ஊதாவாவதைப் பார்க்க பைனாகுலர் இல்லாமல் முடியாது. குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் ஒரு செயலியும் போனில் இருக்கிறது. நல்லதுதான், ஆனால் அது கண்டுபிடித்த முதல் 'வசந்தப் பறவை' பக்கத்து வீட்டு அழைப்பு மணி. பிப்ரவரி நடுவில் நான்கு நாள் உலகம் முழுக்க நடக்கும் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்புக்கு மட்டும் இ-பேர்ட் என்ற இணையப் பறவைப் பதிவேட்டில் பட்டியல் போடுகிறேன். மற்ற நாளுக்குக் காலண்டர்தான். அடுப்பில் பால் பொங்குகிற நேரத்திலும் எட்டி எழுத முடிகிற ஒரே கருவி அது.

ஏழு வருடத்தில் மாறாத தேதி என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் அத்தையின் வேட்டியைச் சொல்வேன். மாமாவின் பழைய எட்டு முழம். வேப்பமரத்தில் செம்புத் துளிர் பச்சையாக மாறி, இரவில் தேன் வாசம் வர ஆரம்பித்ததும், விடிகாலையில் மரத்தடியில் அதை விரித்து நாலு மூலையிலும் கல் வைப்பார். எட்டு மணிக்குள் வெள்ளை வேட்டியில் வெள்ளைப் பூ, கறுப்பு எறும்பு. எறும்பை ஊதி ஊதித் தள்ளி முறத்தில் பரப்பிக் காய வைப்பார். வருடப் பிறப்பன்று பச்சடிக்குக் கொஞ்சம், மீதி ரசத்துக்கு. மார்ச் 20-க்கும் 29-க்கும் வெளியே அந்த வேட்டி இதுவரை போனதில்லை. அவர் என் காலண்டரைப் பார்ப்பதே இல்லை.

மதிப்பெண்: ஐந்துக்கு நாலு. கட்டம் பெரிதாக இருந்தால் முழுசாகக் கொடுத்திருப்பேன். இந்த வருடத்துக் காலண்டரில் பாதித் தாளை அம்மன் படம் எடுத்துக்கொண்டதால் கட்டம் இன்னும் சுருங்கிவிட்டது. சிமெண்ட் கடைக் காலண்டர் ஒன்றை அண்ணனிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன், அதில் ராகுகாலம்கூடக் கிடையாது.

போன மார்ச் மாதம் பின்பக்கத் துணிக்கொடியில் பெண் தேன்சிட்டு கூடு கட்டியது. சிலந்தி நூல், மரப்பட்டைத் துணுக்கு, புழுவின் எச்சம், ஒரு மினிபஸ் டிக்கெட்டின் கிழிசல், எல்லாவற்றையும் சேர்த்து ஒரு சுருக்குப் பை மாதிரி. ஆண் பக்கத்தில் உட்கார்ந்து பாடியதோடு சரி. ஒரு மாதம் அந்தக் கொடியில் துணி போடவில்லை. தாளைப் புரட்டினால் கட்டம் கட்டமாக 'துணி முன்பக்கம்' என்று கணவரின் கையெழுத்து. நேற்று அதே கொடியில் பெண் தேன்சிட்டு வந்து இரண்டு தரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனது. மாடியில் இன்னொரு கொடி கட்டியாயிற்று.