பழைய டிஜிட்டல் மிக்ஸர் வாங்கப் போகிறீர்களா? 5,40,000 ரூபாயைப் பறிகொடுத்துவிட்டு எழுதுகிறேன்

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. 5,40,000 ரூபாய். பதினாறு வருடமாகக் கல்யாண மண்டபம், கோயில் திருவிழா என்று மைக் கட்டிச் சேர்த்த பணம். பல மைக்குகளின் ஒலியைக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் கருவிதான் மிக்ஸர். பழையதை வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

சென்னையில் பழைய ஒலிக்கருவிகளை வாங்கி விற்கும் ஒரு கடை. ஆலன் அண்ட் ஹீத் கம்பெனியின் டிலைவ் சி1500 மிக்ஸர் இருந்தது. கையில் டீயைக் கொடுத்துவிட்டு மைக்கை நீட்டினார் கடைக்காரர். பேசினேன். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை ஏற்றியதும் என் குரல் கணீரென்று வந்தது. மிக்ஸரின் பின்புறமிருந்து ஒரே ஒரு நெட்வொர்க் கேபிள் உள் அறைக்குப் போனது. அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டேன். "அது வெறும் ஸ்டேஜ் பாக்ஸ் அண்ணே, வாடகைக்குப் போவது. உங்களிடம் இருப்பதையே மாட்டிக்கொள்ளலாம்" என்றார். மேடையில் மைக்குகளைச் செருகும் பெட்டிதான் ஸ்டேஜ் பாக்ஸ். நம்பினேன். அங்கேயே மொத்தப் பணத்தையும் அனுப்பினேன்.

மதுரைக்குக் கொண்டுவந்து மாட்டினால் சத்தமே இல்லை. என் ஸ்டேஜ் பாக்ஸை அது கண்டுகொள்ளவே இல்லை.

தொழில் தெரிந்த ஒருவர் வந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது. இந்த வகையில் நாம் கை வைக்கும் மேசை கட்டளை மட்டுமே அனுப்புகிறது. ஃபேடரை இறக்கினால், 'இந்தச் சேனலை இவ்வளவு குறை' என்ற செய்திதான் கேபிளில் போகிறது. ஒலியைத் திருத்தும் ஈக்யூ, கம்ப்ரஸர், ரிவெர்ப், 128 சேனல்களின் கலவை எல்லாமே மிக்ஸ்ராக், சுருக்கமாக ராக், என்ற தனிப் பெட்டிக்குள் நடக்கின்றன. கடையின் உள் அறையில் இருந்தது அதுதான். மேசையின் பின்னால் உள்ள சாக்கெட்டில் மைக்கைச் செருகினாலும் அந்த ஒலி ராக்குக்குப் போய்த்தான் திரும்ப வேண்டும். நிகழ்ச்சி நடுவே மேசை அணைந்தாலும் ராக்கிலிருந்து ஒலி வந்துகொண்டிருக்கும். லேப்டாப்பை வைத்தே அதை இயக்கலாம். ராக் இல்லாத மேசையால் ஒரு மைக்கைக்கூட நடத்த முடியாது. என் பழைய பெஹ்ரிங்கர் எக்ஸ்32-இல் எல்லாமே மிக்ஸருக்குள் இருந்தது. ஸ்டேஜ் பாக்ஸ் மைக்கின் ஒலியை வாங்கி அனுப்புவதோடு சரி. அந்தப் பழக்கத்தைத் தெரிந்துகொண்டுதான் அந்த ஆள் பொய் சொன்னார்.

போன் செய்தேன். முதலாளி வெளியூர் போயிருக்கிறார் என்றார்கள். மறுநாள், "ஃபர்ம்வேரைப் புதுப்பித்துப் பாருங்கள்". மூன்றாம் நாள், "பில்லில் ராக் என்று எழுதியிருக்கிறதா?" எடுத்துப் பார்த்தேன்: 'டிஜிட்டல் மிக்ஸர் – 1. விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது.' அதற்கு மேல் ஒரு வார்த்தை: அதே ராக்கை 6 லட்சத்துக்குத் தருகிறாராம்! வாடகைக்குப் போகும் வெறும் பெட்டி என்று சொன்ன அதே வாய்.

வெள்ளிக்கிழமை கோயில் கச்சேரிக்கு வேறொருவரிடம் மிக்ஸர் வாடகைக்கு எடுத்தேன். 5,40,000 ரூபாய்ப் பொருள் வீட்டில் துணி போர்த்திக் கிடக்கிறது. நாளை வக்கீலைப் பார்க்கிறேன்.

விவரமாகச் சொல்ல இப்போது மனம் ஓடவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். கேபிளின் மறுமுனைவரை நடந்துபோய்ப் பாருங்கள். மேசை, ராக் இரண்டின் மாடலையும் சீரியல் எண்ணையும் பில்லில் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். எந்த ஸ்டேஜ் பாக்ஸும் சேரும் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் இடத்தில் ஒலி வரும்வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.