டாஃபிக்கு வாங்கிய தெர்மாமீட்டர்

கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் 27 வருடம் உதவியாளராக இருந்தேன். பியூரெட் குழாய்க்கு கிரீஸ் தடவியிருக்கிறேன், பையன்கள் உடைத்த தெர்மாமீட்டர்களுக்குக் கணக்கு எழுதியிருக்கிறேன். ஓய்வு பெற்று மூன்று வருடம் கழித்து 549 ரூபாய் போட்டு எனக்கென்று ஒரு தெர்மாமீட்டர் வாங்கினேன். மிட்டாய் கிண்ட.

காரணம் பேத்தி. தஞ்சாவூரில் ஏழாவது படிக்கிறாள், விடுமுறைக்கு வந்தால் எங்கள் வீட்டு ஓவன் அவளுடையது. பிஸ்கட் மாவில் டாஃபித் துண்டுகள் போட்டுச் சுட வேண்டும் என்றாள். கடையில் வாங்கிய மிட்டாயை நறுக்கிப் போட்டோம். பல்லில் அப்பிக்கொண்டது. "இழுக்கக் கூடாது தாத்தா, நொறுங்கணும்" என்றாள். நொறுங்குவது என்றால் நாமே கிண்டினால்தான் ஆகும்.

டாஃபி என்பது பெரிய வித்தை இல்லை. வெண்ணெய், சர்க்கரை, கொஞ்சம் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நம் கடலைமிட்டாய்ப் பாகு போலக் கெட்டியாகும் வரை காய்ச்சித் தட்டில் ஊற்ற வேண்டியதுதான். என் மனைவி அதிரசத்துக்குத் தக்காளிப் பதமும் பொரி உருண்டைக்குக் கெட்டிப் பதமும் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பவள். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விடுவாள், விரலால் உருட்டுவாள், தட்டில் போட்டு "டங்" என்று கேட்பாள், அடுப்பை அணைப்பாள். ஆனால் வெண்ணெய் சேர்ந்த பாகு அவளையே ஒரு தரம் ஏமாற்றிவிட்டது. நுரை மூடிக்கொள்வதால் அடியில் என்ன நிறம் என்று தெரியவில்லை. வெண்ணெய் சிவக்கும் வாசனை தூக்கலாக வந்ததும் ஆகிவிட்டது என்று இறக்கினாள். ஆறியதும் சவ்வுமிட்டாய் மாதிரி இழுத்தது.

அதனால்தான் இந்த வாங்கல். "பாகு பாக்கப் பாதரசமா? அதை உடைச்சுச் சட்டியில போட்டுடாதீங்க" என்றாள். அவள் கவலையில் நியாயம் உண்டு. பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் தெர்மாமீட்டரைத் தயவுசெய்து யாரும் அடுப்படிக்குக் கொண்டுவர வேண்டாம். பெரும்பாலும் அது 110 டிகிரியோடு முடிந்துவிடும், டாஃபிக்கு 150 வேண்டும். 110-க்கு மேல் சூடு ஏறினால் குழாய் உடையும், உள்ளே பாதரசம் இருந்தால் அந்தப் பாகும் சட்டியும் இனி எதற்கும் ஆகாது. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைப் பற்றி நான் சொல்லவே தேவையில்லை.

நான் இணையத்தில் வாங்கியது மிட்டாய்க்கென்றே செய்த கண்ணாடிக் குழாய். எவர்சில்வர் சட்டத்துக்குள் இருக்கிறது, பாத்திரத்தின் விளிம்பில் மாட்ட ஒரு கொக்கி. உள்ளே சிவப்புத் திரவம்தான், பாதரசம் இல்லை. 40 முதல் 200 டிகிரி வரை கோடுகள். பெட்டிக்குள் நன்றாகப் பஞ்சு சுற்றி அனுப்பியிருந்தார்கள், அதற்குக் குறை சொல்ல மாட்டேன். கம்பெனி பெயர் வேண்டாம். இதே உருவத்தில் பத்துப் பெயர்களில் விற்கிறார்கள், எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போலத்தான் இருக்கிறது.

வந்தவுடன் செய்த முதல் வேலை, கொதிக்கும் தண்ணீரில் விட்டுப் பார்த்தது. கும்பகோணம் கடல் மட்டத்தை விடக் கொஞ்சம்தான் உயரம், அதனால் இங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். (ஊட்டியில் இருப்பவர்கள் இந்தக் கணக்கைப் போடக் கூடாது. அங்கே 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்.) என் குழாய் 98 காட்டியது. கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்துத்தான் பார்த்தேன், பையன்களுக்கு அதைச் சொல்லிச் சொல்லித்தானே தொண்டை போனது. இரண்டு டிகிரி குறைவு. பரவாயில்லை, தெரிந்துவிட்டால் கூட்டிக்கொள்ளலாம். தெரியாமல் இருந்தால்தான் ஆபத்து. டாஃபியில் கடைசி ஐந்து டிகிரிதான் எல்லாமே.

ஏன் என்றால், பாகின் சூடு என்பது உள்ளே இன்னும் எவ்வளவு தண்ணீர் பாக்கி என்பதற்கான கணக்கு. தண்ணீர் ஆவியாகப் போகப் போகக் கொதிநிலை ஏறுகிறது. நம்மூர் ஆட்கள் தக்காளிப் பதம் என்று சொல்வது ஏறக்குறைய 112 முதல் 116 டிகிரி. உருட்டினால் கெட்டியாக நிற்பது 121-க்கு மேல். உடைத்தால் கண்ணாடி போல நொறுங்குவது 149 முதல் 154 வரை, அப்போது பாகில் நூற்றில் ஒரு பங்குதான் தண்ணீர். என் மனைவியின் கிண்ணமும் இந்தக் குழாயும் பார்ப்பது ஒரே விஷயத்தைத்தான். அதை அவளிடம் விளக்கினேன். "அப்புறம் எதுக்கு 549 ரூபா?" என்றாள்.

முதல் கிண்டல். வெண்ணெய் 250 கிராம், சர்க்கரை 250 கிராம், தண்ணீர் மூன்று மேசைக்கரண்டி, சர்க்கரை பூத்துப்போகாமல் இருக்க ஒரு கரண்டி லிக்விட் குளுக்கோஸ். உப்பில்லாத வெண்ணெய் போட்டு உப்பைத் தனியே சேர்த்தேன். வழக்கமாக அல்வா கிண்டும் அகலமான வாணலியை வைத்தேன். அங்கேதான் தப்பு. அந்த வாணலியில் பாகு ஒரு விரற்கடை உயரம்தான் நின்றது. குழாயின் குமிழ் பாதி பாகிலும் பாதி நுரையிலும் தொங்கியது. 138 காட்டுகிறதே, இன்னும் நேரம் இருக்கிறது என்று நான் நம்பிக்கொண்டு நிற்க, அடியில் பாகு 160-ஐத் தாண்டிக் கருகியிருக்கிறது. வீடு முழுக்கக் கசப்புப் புகை. அரைக்கிலோ பொருள், முக்கியமாக வெண்ணெய், கொல்லையில் போய்க் கொட்டினேன்.

இந்தக் குழாய் சரியாகச் சொல்ல வேண்டுமானால் குமிழ் முழுக்க முங்க வேண்டும், பாத்திரத்தின் அடியைத் தொடவும் கூடாது. பெட்டியின் மேல் இதற்கு ஒரு வரி கிடையாது. அதற்குத்தான் முதல் நட்சத்திரத்தைக் கழிக்கிறேன்.

பிறகு பெரிய கடைத்தெருவுக்குப் போய் அடிகனமான, வாய் குறுகிய பால் காய்ச்சும் பாத்திரம் ஒன்று வாங்கினேன். அந்தத் தெருவில் பாத்திரம் வாங்கப் போனால் ஒன்றோடு திரும்ப முடியாது என்பது வேறு விஷயம். குறுகிய பாத்திரத்தில் பாகு இரண்டு விரற்கடைக்கு மேல் நின்றது, குமிழ் முங்கியது. ஆனால் நுரை பொங்கும், பாதிக்கு மேல் பொருள் போடக் கூடாது.

இரண்டாம் கிண்டலில் ஊசி ஏற்றத்தை நின்று பார்த்தேன். ஊசி என்று பழக்கத்தில் சொல்கிறேன், சிவப்புக் கோடு. 105 வரை வேகமாக வந்து, தண்ணீர் போகும் வரை அங்கேயே முக்கிக்கொண்டு கிடக்கிறது. டீ குடித்துவிட்டு வரலாம் என்று தோன்றும், போகக் கூடாது. 125-க்கு மேல் மடமடவென்று ஏறும். 140-இல் தீயைச் சிம்முக்கு இறக்கினேன். என் குழாயில் 148, அதாவது நிஜத்தில் 150 வந்ததும் நெய் தடவிய தாம்பாளத்தில் ஊற்றினேன். பாத்திரத்தின் சூட்டிலேயே இன்னும் ஓரிரு டிகிரி ஏறும், அதற்கு இடம் விட வேண்டும். அரை மணியில் ஆறியது. தாம்பாளத்தைத் தட்டியதும் கண்ணாடி விரிசல் விடுவது போல ஓடி உடைந்தது. பேத்தி வாயில் போட்டு மென்ற சத்தம் ஹாலுக்குக் கேட்டது.

ஒரு தரம் நடுவில் வெண்ணெய் பிரிந்து எண்ணெயாக மேலே மிதந்தது. தீ கூடிப்போனதுதான் காரணம். தெர்மாமீட்டர் அதைச் சொல்லாது. சூடு சரியாகவே காட்டிக்கொண்டிருந்தது. தீயைக் குறைத்து, ஒரு கரண்டி வெந்நீரைக் கொஞ்சம் தள்ளி நின்று விட்டு (தெறிக்கும்) விடாமல் கிளறியதில் சேர்ந்துகொண்டது. வெண்ணெய்க்குப் பதில் நெய்யைப் போடலாமே என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். வெண்ணெயில் இருக்கும் பால் சத்து சிவந்துதான் அந்த மணம் வருகிறது. நெய்யில் அது வடிகட்டிப் போய்விட்டது.

கழுவும்போது குழாயை நேராகக் குழாயடியில் நீட்டாதீர்கள். சூடான கண்ணாடியில் பச்சைத்தண்ணீர் பட்டால் விரிசல்தான். ஆற விட்டு வெந்நீரில் ஊறப்போட்டால் சர்க்கரை தானாகக் கரையும். சட்டத்துக்கும் குழாய்க்கும் இடையில் புகுந்த பாகுதான் தொல்லை, மறுநாள் எறும்பு அதைக் கண்டுபிடித்துவிடுகிறது. எண்களின் சிவப்பு அச்சும் நாலு கழுவலில் மங்கிவிட்டது.

அதனால் தீபாவளிக்கு முன் இன்னொன்று வாங்கினேன், 349 ரூபாய். குச்சி போன்ற எவர்சில்வர் முனையும் மேலே எண் காட்டும் சின்னத் திரையும் உள்ள டிஜிட்டல். பொத்தான் பேட்டரி. கொதிக்கும் தண்ணீரில் சரியாக 100 காட்டியது. சூட்டை உணர்வது முனை மட்டும்தான், அதனால் பாகு கொஞ்சமாக இருந்தாலும் பாத்திரத்தைச் சாய்த்துக் குத்திப் பார்த்துவிடலாம். சில வினாடிகளில் எண் நின்றுவிடுகிறது. கண்ணாடிக் குழாய்க்கு அந்த வேகம் வராது. குறை: விளிம்பில் மாட்ட வழியில்லை, கையில் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும், ஆவி கையைச் சுடும். பத்து நிமிடத்தில் தானாக அணைந்துவிடும், என்னிடம் அது 143-இல் அணைந்தது. தலைப்பகுதி பிளாஸ்டிக், பாத்திர விளிம்பில் சாய்த்து வைத்தால் உருகும். எனக்கு இன்னும் உருகவில்லை, மனைவி இரண்டு தரம் காப்பாற்றியிருக்கிறாள்.

இந்த இரண்டுமே சொல்லாத ஒன்று நம் டெல்டாவின் ஈரம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் 150-இல் சரியாக இறக்கிய டாஃபி கூட ஒரு மணி நேரம் தட்டில் திறந்து கிடந்தால் மேலே பிசுபிசுக்கிறது. காற்றில் இருக்கும் ஈரத்தைச் சர்க்கரை இழுத்துக்கொள்கிறது. ஆறிய கையோடு உடைத்து, துண்டுகளுக்கு நடுவே பட்டர் பேப்பர் போட்டு, மூடி இறுகும் சம்புடத்தில் அடைத்துவிட வேண்டும். ஊற்றிய சூட்டோடு மேலே வறுத்துப் பொடித்த வேர்க்கடலை தூவினால் ஒன்றோடொன்று ஒட்டுவதும் குறைகிறது, ருசியும் கூடுகிறது. சித்திரை வெயிலில் கிண்டியது இரண்டு வாரம் மொறுமொறுப்பாக நின்றது. மழையில் கிண்டியது மூன்றாம் நாளே மந்தமாகிவிட்டது.

பிஸ்கட்டுக்கு என்றால் துணியில் முடிந்து பூரிக்கட்டையால் தட்டி, சல்லடையில் சலித்து, தூளை நீக்கிக் கடலைப்பருப்பு அளவுக்கு மேலான துண்டுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். தூள் ஓவனில் உருகி ஓடித் தட்டில் பிடித்துக்கொள்ளும். விளிம்பில் துருத்தும் துண்டுகளும் அப்படியே, அவற்றை உள்ளே அழுத்திவிட வேண்டும். 170 டிகிரியில் 12 நிமிடம். கேக்கின் மேல் அலங்காரத்துக்குத் தூவுவதானால் பரிமாறும் நேரத்தில் தூவுங்கள், கேக்கின் ஈரத்தில் மறுநாள் அது கசிந்துவிடும். சலித்து மிஞ்சிய தூளைப் பேத்தி பாலில் போட்டுக் குடிக்கிறாள், அது தனிக் கதை.

எது வாங்கலாம்? ஒன்றுதான் என்றால் டிஜிட்டல், ஐந்துக்கு நாலு. கண்ணாடிக்கு இரண்டரை. அதையும் குறுகிய பாத்திரம் வைத்திருப்பவர்கள் மட்டும் வாங்குங்கள். எதை வாங்கினாலும் முதல் நாள் கொதிக்கும் தண்ணீரில் விட்டுப் பார்க்காமல் வெண்ணெயில் கை வைக்காதீர்கள்.

கார்த்திகை தீபத்துக்கு மனைவி பொரி உருண்டைக்கு வெல்லப்பாகு காய்ச்சிக்கொண்டிருந்தாள். அவள் சொட்டு விட்டு "டங்" கேட்டு அடுப்பை அணைத்த அதே நேரத்தில் நானும் குச்சியைச் செருகினேன். 129. அடுத்த பாகில் 130. மூன்றாவதில் மறுபடி 129. காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிவைத்துக்கொண்டு அவளிடம் காட்டினேன்.

"சரி, நகருங்க, பொரியைக் கொட்டணும்" என்றாள்.